தராசுக்காரர் வீட்டு நான்கு ஸ்பீக்கர்கள்

தெருவில் அவரைத் தராசுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வீட்டின் முன்னறையில் ஒரு நீள மேசை. அதன்மேல் வயிறு திறந்து கிடக்கும் மின்னணுத் தராசுகள். சுவரோரம் ஐந்து கிராமிலிருந்து இருபது கிலோ வரை உயரவாரியாக நிற்கும் எடைக்கற்கள். கடைக்காரர்கள் கொண்டுவந்து வைக்கும் எந்தத் தராசையும் அவர் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பார். காட்டிவிட்டால் சந்தேகம் இன்னும் கூடும். "ஒழுங்கா இருக்கற நீ இங்க எதுக்கு வந்த?" என்று தராசிடமே கேட்பார்.

இந்தத் தொழிலை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த இரண்டு பழுதான தராசுகளையும் ஒரு கையேட்டையும் வைத்துக்கொண்டு தாமே கற்றுக்கொண்டார். அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் பண்டக அறைப் பொறுப்பாளராக இருந்தார். ஒரு கணக்கெடுப்பில் பேரிங் பெட்டிகள் பன்னிரண்டு குறைந்தன. மேலாளரின் உத்தரவின்பேரில் பழைய கொதிகலன் கொட்டகைக்கு அனுப்பப்பட்ட பெட்டிகள் அவை. அனுப்பிய சீட்டில் மேலாளரின் கையெழுத்தும் இருந்தது. ஆனால் சீட்டு ஒன்றே ஒன்று. அது மேலாளரின் இழுப்பறையில் இருந்தது. விசாரணையன்று அந்த இழுப்பறை திறக்கப்படவில்லை. "அப்படி ஒரு சீட்டு இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார் மேலாளர். அந்த ஒரு வாக்கியம் பத்தொன்பது ஆண்டுகளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெட்டிகள் கொட்டகையிலேயே அகப்பட்டன என்று பழைய சகா ஒருவர் கடைவீதியில் எதிர்ப்பட்டபோது சொன்னார். அகப்பட்டன, அவ்வளவுதான். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

அன்று முதல் அவர் வீட்டில் எந்தத் தாளும் குப்பைக்குப் போனதில்லை. பூட்டு வாங்கிய ரசீது, பல் பிடுங்கிய சீட்டு, தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர் எழுதிக் கொடுத்த தேதி, எல்லாவற்றுக்கும் அசலும் நகலும் உண்டு. அசல் பச்சைக் கோப்பில், நகல் மஞ்சள் கோப்பில். இதற்கெல்லாம் மேலாக ஒரு நாட்குறிப்பு. வீட்டில் ஒரு திருகாணி கழன்றாலும் மணி, நிமிடத்தோடு அதில் ஏறிவிடும். மனைவியின் தம்பி பேருந்து ஓட்டுநர்; பணி முடிந்து போகும் வழியில் வந்து அக்கா கையால் ஒரு டீ குடித்துவிட்டு, அத்தானைச் சீண்டிவிட்டுப் போவது அவருக்கு வழக்கம்.

"ஏன் அத்தான், எங்க அக்காவைக் கட்டிக்கிட்டதுக்கு ரசீது வச்சிருக்கீங்களா?"

"அசல் ஒண்ணு, நகல் மூணு" என்றார் தராசுக்காரர். முகத்தில் சிரிப்பில்லை. பச்சைக் கோப்பில் உண்மையாகவே இருந்தது.

அவர் மனைவி மாடியறையில் தையல் வேலை செய்கிறார். மருத்துவமனை ஊழியர்களுக்கான மேலங்கிகள். ஒரே வெள்ளை, ஒரே அளவு, நாள் முழுக்க. பாட்டில்லாமல் ஓடாத வேலை அது. கைப்பேசியில் பாட்டைப் போட்டு, சத்தம் கூட வேண்டும் என்பதற்காக அதை ஒரு காலி எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைப்பார். சமையலறைக்கு இறங்கும்போது டம்ளரும் இறங்கும். மாடிக்கு ஏறும்போது டம்ளரும் ஏறும். ஒரு நாள் படியில் கால் இடறி, டம்ளர் ஒரு பக்கமும் கைப்பேசி ஒரு பக்கமுமாக உருண்டன. பாட்டு மட்டும் நிற்காமல் கீழ்ப்படியிலிருந்து பாடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை அவர் கணவரிடம் வந்து நின்றார். "ஏங்க, இத்தனை வருஷத்துல நான் வாயத் திறந்து ஒண்ணும் கேட்டதில்ல. சமையல் ரூம்ல ஆரம்பிக்கிற பாட்டு, படியேறி நான் மாடிக்குப் போனா அங்கயும் அதே வரியில ஓடிட்டு இருக்கணும். கையில எதையும் தூக்கிட்டு நடக்கக் கூடாது. இப்பல்லாம் அப்படி வந்திருக்காமே?"

வந்திருந்தது. ஆனால் தராசுக்காரர் எதையும் வந்திருக்கிறது என்பதற்காக வாங்குபவரல்லர். மூன்று மாதம் படித்தார். கையேடுகளை அச்செடுத்துத் தைத்தார். வீட்டின் வரைபடத்தைக் கட்டத்தாளில் போட்டு, ஏற்கெனவே இருந்த பழைய ரூட்டரின் வைஃபை எந்த மூலையில் எவ்வளவு வருகிறது என்று முப்பத்தாறு இடங்களில் நின்று அளந்து குறித்தார். முன்னறை, கூடம், சமையலறை, மாடித் தையலறை ஆகிய நான்கு அறைகளிலும் நான்கு சிறிய வைஃபை ஸ்பீக்கர்கள் வைப்பதென்று முடிவாயிற்று. ஸ்பீக்கர்களைத் தேர்ந்தெடுப்பது எளிதாக இருந்தது. அவற்றுக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவிகளில்தான் வில்லங்கம் முழுவதும் இருக்கிறது என்பது அவருடைய துணிபு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விற்கும் இடத்தில்தான் ஏமாற்றுவது சுலபம்.

முதலில் போன கடையில் எட்டு ஆன்டெனாக் கொம்புகளோடு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார்கள்.

"இது ஒண்ணு போதும் சார். வீடு என்ன, தெருவே பாடும்."

"என் வீட்டு மாடிச்சுவர் ஒன்றரை அடி. அதைத் தாண்டி எவ்வளவு சிக்னல் வரும்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதிலாம் எப்படி சார் குடுக்கறது?"

தராசுக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இரண்டாவது கடையில் மூன்று பெட்டிகளைக் காட்டினார்கள். வீட்டில் அங்கங்கே வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிக்னல் காற்றிலேயே தாவிப் போகுமாம். எழுத்தில் கேட்டார். அங்கும் அதே பதில். மூன்றாவது கடையின் உரிமையாளரும் அதே பதிலைத் தொடங்கிப் பாதி சொல்லியிருந்தார். அப்போது அலமாரிக்குப் பின்னால் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் தலையை நீட்டினார்.

"நான் எழுதித் தர்றேன் சார். ஆனா வீட்டைப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்."

முப்பது வயதிருக்கும். அந்தக் கடைக்கு வயரிங் வேலை முழுவதும் அவர்தான் செய்கிறார் என்று தெரிந்தது. கடைக்காரர் அவரை முறைத்ததும், அவர் அதைக் கவனிக்காததுபோல் மீண்டும் கேபிள் சுருட்டியதும் தராசுக்காரர் கண்ணுக்குத் தப்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். கேட்டவுடன் எழுதித் தருகிறேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்பவர் தமக்கு அதில் ஏதோ ஆதாயம் இல்லாமலா சொல்வார்?

மறுநாள் அந்தப் பெண் வந்தார். வரைபடத்தையும் முப்பத்தாறு அளவுகளையும் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்துத் தராசுக்காரர் முகத்தை இறுக்கி வைத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"சார், இத்தனை வருஷத்துல எனக்கு வேலையை மிச்சம் பண்ணிக் குடுத்த முதல் வீடு இதுதான். கொம்பு வச்ச பெட்டி வேண்டாம். கீழ ஒரு ரூட்டர். கூடத்துக் கூரையில ஒண்ணு, தையல் ரூம் கூரையில ஒண்ணு, தட்டு மாதிரி ஒட்டற வைஃபை பெட்டி. ரூட்டர்லருந்து ரெண்டு தட்டுக்கும் சுவரோரமா கேபிள். காத்துல தாவித் தாவிப் போற சிக்னல் ஒவ்வொரு தாவலுக்கும் இளைச்சுப் போகும். கேபிள்ல போனா இளைக்காது."

"பாட்டு அறுந்து போகாதா?"

"போகாது. ஆனா ஒண்ணு சார். நாலு ஸ்பீக்கரும், அக்காவோட போனும், எல்லாம் ஒரே நெட்வொர்க்குல இருந்து ஒண்ணை ஒண்ணு பாத்துக்கணும். அப்பத்தான் ஒரே வரியைச் சேர்ந்து பாடும். இல்லைன்னா ஊமைதான்."

தராசுக்காரர் இதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "நான்கு அறைகளிலும் தடையின்றிப் பாட்டு ஒலிக்கும் வகையில் பொருத்தித் தருவேன்" என்று அந்தப் பெண் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். அசல் பச்சைக் கோப்புக்குப் போயிற்று.

பன்னிரண்டாம் தேதி வேலை நடந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அந்தப் பெண் ஏணியில் நின்றதைத் தராசுக்காரர் கீழே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேபிளின் நுனியில் எட்டு மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி அழுத்தும்போது அந்தப் பெண் மூச்சை நிறுத்திக்கொள்வதைக் கவனித்தார். தாமும் தராசின் உள்ளே கை வைக்கும்போது அப்படித்தான் என்பது நினைவுக்கு வந்தது. அந்த நினைவையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

கடைசியில் ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறந்தது.

"இதுக்குள்ள போக ஒரு பாஸ்வேர்டு வேணும் சார். நீங்களே டைப் பண்ணுங்க. எனக்குச் சொல்லாதீங்க." சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஏழு இலக்கங்களைத் தட்டும்போதுதான் அது தராசுக்காரருக்கு உறைத்தது. ஜன்னலில் கண்ணாடி. கண்ணாடியில் பிம்பம். பார்க்க விரும்பாதவர் அறையைவிட்டு வெளியே போயிருக்கலாமே, ஏன் ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டும்?

அதன்பின் நான்கு அறைகளிலும் பாட்டு எழுந்தது. மனைவி சமையலறையிலிருந்து மாடிக்கும், மாடியிலிருந்து கூடத்துக்கும் வெறுங்கையை வீசிக்கொண்டு மூன்று தடவை நடந்தார். "ஏம்மா, அப்படியே கூடவே வருதே! நாய்க்குட்டி மாதிரி!" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் போன பிறகு, மாலை ஆறரைக்கு, தராசுக்காரர் அமைப்புப் பக்கத்தை மறுபடி திறந்தார். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார். பிறகு பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ் இருந்த பக்கத்தைப் பார்த்தார். ஒன்பது கட்டங்கள், நான்கில் மட்டும் டிக். ஐந்தை ஏன் விட்டுவைத்தார் அந்தப் பெண்? பிறகு நுழைவதற்கா? ஐந்தையும் டிக் செய்தார். பாதுகாப்பு கூடினால் கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது? வழக்கம்போல் அத்தனையையும் நாட்குறிப்பில் ஏற்றிவிட்டுப் படுக்கப் போனார்.

ஒன்பது நாட்கள் பாட்டுக்குக் குறைவில்லை. மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, "ரூட்டர் வாங்கப் போறாருன்னு சொன்னாங்க, ராக்கெட்டே விட்டுட்டார்" என்று அத்தானைப் பாராட்டினார்.

இருபத்தொன்றாம் தேதி நண்பகலில் ஒரு மணி நேரம் மின்சாரம் போய் வந்தது. விளக்குகள் வந்தன, மின்விசிறி வந்தது, இணையமும் வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை. மனைவியின் கைப்பேசித் திரையில் "ஸ்பீக்கர்கள் எதுவும் இல்லை" என்று காட்டியது. நான்கும் அந்தந்த அறையில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தன.

எல்லாம் வேலை செய்ய, கேட்ட ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது தற்செயலா? தராசுக்காரருக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து நாளில் நிற்கும்படி ஏதோ செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பத் திரும்பக் கூப்பிட வைப்பதற்கான ஏற்பாடு. எழுதித் தர அவ்வளவு ஆர்வம் காட்டியதன் பொருள் இப்போது விளங்கியது. சந்தேகத்தைத் துடைக்கத்தான் அந்தத் தாள்.

மறுநாள் அந்தப் பெண் வந்து, சோதனைக் கருவியை வைத்து ஒவ்வொரு கேபிளையும் தட்டிப் பார்த்தார். எட்டுக் கம்பிகளுக்கும் எட்டு விளக்குகள் சரியாக எரிந்தன.

"வயர்ல ஒண்ணும் இல்ல சார். உள்ள ஏதோ மாறியிருக்கு. அமைப்புப் பக்கத்தைத் திறந்து குடுங்க."

"எதுக்கு?"

"பாக்காம எப்படி சார் சொல்றது?"

"வெளியில இருந்தே பாருங்க."

"சார், மூடியைத் திறக்காம நீங்க தராசு பாப்பீங்களா?"

நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததனாலேயே அவருக்கு அது பிடிக்கவில்லை. "உள்ள போறதுக்கு வழி பண்ணிக்கத்தானே இவ்வளவும்?" என்றார்.

 அந்தப் பெண் சோதனைக் கருவியைப் பைக்குள் போட்டு, ஏணியை மடக்கினார். "அக்கா, நான் வர்றேன்" என்று மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். டம்ளர் அன்று மாலையே மறுபடி படியேறியது.

தராசுக்காரர் உட்கார்ந்து புகார் எழுதினார். கடை உரிமையாளர் அவர்களுக்கு; பொருள், பார்வை, இணைப்புகள் என்று முறையாகத் தொடங்கி இருபத்துமூன்று பக்கம். முதல் இணைப்பு, அந்தப் பெண் கைப்பட எழுதிக் கொடுத்த தாளின் நகல். இரண்டு நாளில் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"சார், உங்க கடிதாசிய முழுசாப் படிச்சேன். ஒண்ணாம் தேதி காலையில பதினொரு மணிக்கு வாங்க. உங்க முன்னாடியே அந்தப் பொண்ணைக் கணக்கு முடிச்சு அனுப்பிடறேன். எழுதிக் குடுக்காதே, எழுதிக் குடுக்காதேன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன், கேக்கல. கடைசியில அதுவே அவ கழுத்துக்கு வந்துடுச்சு பாருங்க. அன்னிக்கு அசலையும் உங்க ஆதாரத்தையும் எடுத்துட்டு வாங்க, போதும்."

தராசுக்காரர் தொலைபேசியை வைத்தார். வென்ற உணர்வு வரவேண்டும். வந்தது ஏதோ வேறொன்று. அதற்குப் பெயர் தெரியாததால் நாட்குறிப்பில் அன்று அதை ஏற்றவில்லை.

முப்பதாம் தேதி பிற்பகல், மறுநாளைக்கான ஆதாரங்களைத் தேதிவாரியாக அடுக்கினார். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை நகல் எடுப்பதற்காகத் திறந்து வைத்தார். மேல் பாதியில் அந்தப் பெண் செய்த வேலைகள். கீழ்ப் பாதியில் அவருடைய கையெழுத்திலேயே, கோடு போட்டாற்போல்:

"மாலை 6.52. பாதுகாப்புப் பக்கம், ஐந்தாவது கட்டம்: இணைந்துள்ள கருவிகள் ஒன்றையொன்று காணாமல் தனித்தனியே பிரித்து வைத்தல். டிக் செய்யப்பட்டது. குறிப்பு: ரூட்டரை நிறுத்தி இயக்கிய பின்பே நடைமுறைக்கு வரும் என்று அடியில் சிறிய எழுத்தில் உள்ளது."

அதற்கு நான்கு பக்கம் முன்னால், அதே கையெழுத்தில், அந்தப் பெண் சொன்னது: ஒண்ணை ஒண்ணு பாத்துக்கணும், இல்லைன்னா ஊமைதான்.

அவர் எழுந்து போய் எடைக்கற்களை ஒருமுறை வரிசை பார்த்துவிட்டு வந்தார். மறுபடி படித்தார். ஒன்பது நாட்கள் ரூட்டர் நிற்கவில்லை. பத்தாம் நாள் மின்சாரம் போயிற்று. ரூட்டர் நின்று, மீண்டும் இயங்கியது. யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று போட்ட தாழ்ப்பாள், உள்ளே இருந்த நான்கு ஸ்பீக்கர்களையும் கைப்பேசியையும் ஒன்றுக்கொன்று குருடாக்கிவிட்டது.

எவர் சொல்லையும் நம்பாதவர், தம் கையெழுத்தையும் நம்பவில்லை. கட்டத்தின் டிக்கை எடுத்தார். ரூட்டரை நிறுத்தி இயக்கினார். மாடியில் பாட்டு பீறிட்டது. மீண்டும் டிக் செய்து, நிறுத்தி இயக்கினார். ஊமை. மறுபடி எடுத்தார். பாட்டு. மூன்று தடவை, ஒரு தராசைச் சோதிப்பதுபோலவே சோதித்தார். மூன்று தடவையும் முள் அவரையே காட்டியது.

மனைவி படியிறங்கி ஓடிவந்தார். "வந்துடுச்சுங்க! அந்தப் பொண்ணு வந்துட்டுப் போச்சா?"

"இல்ல." அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி மனைவியிடம் காட்டினார்.

மனைவி படித்து முடிக்கும்போது மைத்துனர் டீக்கு வந்து சேர்ந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்தான், இருபத்துமூணு பக்கம் எழுதினீங்களே, குற்றவாளி பேரை மட்டும் மாத்தி எழுதிட்டீங்க போல!" பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி விடுங்க. பாட்டுதான் வந்துடுச்சுல்ல? நாளைக்குப் போகாதீங்க. தானா சரியாயிடுச்சுன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. யாரு வந்து உங்க நோட்டைப் பிரிச்சுப் பாக்கப் போறா?"

"சொன்னா அந்தப் பொண்ணை விட்டுடுவாரா?" என்று மனைவி கேட்டார்.

தராசுக்காரர் யோசித்தார். கடைக்காரர் விடமாட்டார். எழுதிக் கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை, சமயம் பார்த்துக் காத்திருக்கிறார். தானாகச் சரியாயிற்று என்றால், அந்தப் பெண் பயந்துபோய் எங்கிருந்தோ சரிசெய்துவிட்டார் என்றுதான் அது திரியும். கெட்ட பெயர் ஒட்டினது ஒட்டினதுதான்.

"நீ என்ன சொல்ற?" என்று மனைவியிடம் கேட்டார்.

மனைவி அந்தப் பக்கத்தை மூடாமல் மேசைமேல் வைத்தார். "நான் என்னத்தச் சொல்ல? உங்க மேலாளர் கையில ஒரு சீட்டு இருந்துச்சு. இப்ப உங்க கையில ஒண்ணு இருக்கு. இழுப்பறைக்குள்ள போடறதா வெளிய எடுக்கறதான்னு நீங்கதான் பாத்துக்கணும்."

மைத்துனர் டீயை முடித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் கோப்பையைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தராசுக்காரர் கடையின் உள்ளறையில் இருந்தார். அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்த அறை. அந்தப் பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சோதனைக் கருவி, திருப்புளிகள், கேபிள் அழுத்தும் இடுக்கி எல்லாவற்றையும் ஏற்கெனவே மேசைமேல் வரிசையாக ஒப்படைத்திருந்தார். தராசுக்காரர் அந்த வரிசையைப் பார்த்தார். தாமும் ஒரு நாள் சாவிக்கொத்தை அப்படித்தான் அளவு பார்த்து மேசைமேல் வைத்தார்.

"உக்காருங்க சார். அசல் கொண்டு வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"கொண்டு வந்தேன்." அவர் பச்சைக் கோப்பைத் திறந்து, நாட்குறிப்பிலிருந்து நூல் பிரித்து எடுத்திருந்த தாளை மேசைமேல் வைத்தார். "படிங்க. கீழ்ப் பாதி."

கடைக்காரர் படித்தார். ஒன்றும் விளங்காமல் நிமிர்ந்தார்.

"பாட்டு நின்னதுக்குக் காரணம் நான். அவங்க போனப்புறம் நான் உள்ள போய் ஒரு கட்டத்தை மாத்தினேன். நேத்து எடுத்தேன், சரியாயிடுச்சு. மூணு தடவை சோதிச்சுப் பாத்தேன். அவங்க எழுதிக் குடுத்தது எழுத்துக்கு எழுத்து சரி."

 அந்தப் பெண் தாளைப் பார்க்கவில்லை. தராசுக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்பதுபோல. பார்வை எந்த ரகம் என்று அவருக்குத் தெரியும். பல ஆண்டுகள் அவர் கண்ணாடியில் பார்த்த பார்வை அது.

"அட, இதுக்கா சார் இவ்வளவு தூரம்?" கடைக்காரர் சிரித்துச் சமாளித்தார். "சரி, போகட்டும். இருந்தாலும் இந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தது தப்புதானே. நான் எப்படியும் இவளை—"

"என் புகாரை வச்சுத்தானே அனுப்பறீங்க?"

"ஆமா, அது…"

"புகாரை வாபஸ் வாங்கறேன்னு எழுதிட்டு வந்திருக்கேன். அவங்க வேலையில குறையில்லைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு பிரதி. இல்லாட்டி எனக்கு இருபத்துமூணு பக்கம் எழுத வரும்னு உங்களுக்குத் தெரியும்."

கடைக்காரர் ஒருமுறை அவரைப் பார்த்தார். ஒருமுறை அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் தேடினார்.

எழுதி முடிந்ததும் அந்தப் பெண் முதல்முறையாக வாய் திறந்தார். "சார், அந்த நோட்டுத் தாளும் எனக்கு வேணும். அசல்."

தராசுக்காரரின் கை தன்னையறியாமல் தாளின்மேல் போய் நின்றது. அந்தப் பக்கத்துக்கு நகல் இல்லை. நேற்று எடுக்க நினைத்தவர் பாதியில் மறந்துவிட்டார். அந்த நாட்குறிப்பிலிருந்து ஒரு தாள்கூட இதுவரை வெளியே போனதில்லை. அவர் தாளைத் திருப்பி அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினார்.

"நகல் எடுத்துக்கலையா?"

"வேண்டாம். எனக்கு ஞாபகம் இருக்கும்."

அந்தப் பெண் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நன்றி சொல்லவில்லை. மேசைமேல் இருந்த கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே, "சாயங்காலம் வர்றேன் சார்" என்றார். "அன்னிக்கு உள்ள பாக்கவே விடல. மத்த கட்டத்துல எல்லாம் என்ன பண்ணி வச்சிருக்கீங்களோ."

வந்தார். மாடியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது; தையல் இயந்திரமும் அதனோடு ஓடிக்கொண்டிருந்தது. தராசுக்காரர் ரூட்டர் முன்னால் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டுவிட்டு, பாஸ்வேர்டை ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.

"சார், மெதுவா! தெருவுக்கே கேக்குது." அவருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "என்ன நம்பர் இது? போன் நம்பர் மாதிரியும் இல்ல."

"ஒரு சீட்டோட நம்பர். பேரிங் பெட்டி அனுப்பின சீட்டு. அது என் கைக்கு வரவே இல்ல."

அந்தப் பெண் அதற்குமேல் கேட்கவில்லை. பாதுகாப்புப் பக்கத்தில் இரண்டு டிக்குகளை எடுத்தார், இரண்டை விட்டார். ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். தராசுக்காரர் எழுதிக்கொண்டார்.

"முடிஞ்சுது. இப்ப ஒரு தடவை நிறுத்தி ஆன் பண்ணணும். அதுக்கு முன்னாடி பாஸ்வேர்டை மாத்துங்க. வாய்விட்டுச் சொன்னதை வச்சிருக்கக் கூடாது. என்கிட்ட சொல்லாதீங்க." எழுந்து, அன்றைக்குப் போலவே, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விரலை எடுத்துவைத்த தராசுக்காரர், பழக்கதோஷத்தில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார். பிம்பம் விழத்தான் செய்தது. மேசை தெரிந்தது, திரை தெரிந்தது, அந்தப் பெண்ணின் முகமும் தெரிந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

அவர் வேறு ஒரு எண்ணைத் தட்டினார். ரூட்டரை நிறுத்தினார். நான்கு அறைகளிலும் பாட்டு அறுந்தது. மாடியில் தையல் இயந்திரமும் நின்றது.

"பாட்டு போச்சு!" என்று மனைவியின் குரல் படியில் இறங்கி வந்தது. "யாரு கீழ, எதைத் தொட்டீங்க?"

"நான்தான்" என்றார் தராசுக்காரர், மாடி வரை கேட்கும்படி. "ரெண்டு நிமிஷத்துல வந்துடும்."